இசைத்தட்டு முந்தியது, மேடை பிந்தியது

2002 ஜூன் மாதம் லண்டனில் அப்பல்லோ விக்டோரியா அரங்கில் 'பாம்பே ட்ரீம்ஸ்' என்ற இசை நாடகம் தொடங்கியது. இசை ஏ.ஆர்.ரஹ்மான் என்பதால் அந்தச் செய்தி தமிழ்நாட்டில் பலருக்கு நினைவிருக்கும். அதைத் தயாரித்தவர் ஆண்ட்ரூ லாயிட் வெப்பர். அந்த நாடகத்தில் ஒலித்த மெட்டுகளில் சில, 'உயிரே'யிலும் 'முதல்வன்' படத்திலும் ஏற்கெனவே கேட்டுக் கேட்டு ஒலிநாடா தேய்ந்தவை. முதலில் பாட்டு விற்றது, பிறகு மேடை ஏறியது. இந்த வரிசை லாயிட் வெப்பருக்குப் புதிதல்ல. 1970இல் அவர் உலகத்துக்கு அறிமுகமானதே இந்த வழியில்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக ஒரே கதையைச் சொல்வார்கள். நியூயார்க்கின் பிராட்வேயிலும் லண்டனின் வெஸ்ட் எண்டிலும் கிடார் நுழைந்தது, நீள முடி நுழைந்தது, நாடகம் இளமையானது என்று. இது பாதி உண்மை. கிடார் நுழைந்ததால் பிழைத்த நாடகங்களும் உண்டு, கிடாரோடு சேர்ந்து மூழ்கிய நாடகங்களும் உண்டு. உண்மையில் மாறியது வேறொன்று: எது முதலில் சந்தைக்கு வருகிறது, யாருடைய பணம் முதலில் ஆபத்தில் இறங்குகிறது என்கிற வரிசை.

ஒரே வீடு, பிறகு இரண்டு வீடு

ஒரு காலத்தில் மேடைப் பாட்டும் வானொலிப் பாட்டும் வேறு வேறல்ல. அமெரிக்கர்கள் வீட்டில் முணுமுணுத்த பாட்டுகளில் பல பிராட்வேயில் பிறந்தவை. 1956இல் 'மை ஃபேர் லேடி' நாடகத்துக்கு முழு முதலையும் போட்டது சி.பி.எஸ். நிறுவனம். காரணம், அதனிடம் கொலம்பியா என்ற இசைத்தட்டு நிறுவனம் இருந்தது. நாடகம் ஓடினால் அதன் இசைத்தட்டு விற்கும் என்பது கணக்கு. கணக்கு தப்பவில்லை. அந்த இசைத்தட்டு பல லட்சம் பிரதிகள் விற்றது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே நாடகம்தான் சரக்கு. இசைத்தட்டு அதன் உபரி வருமானம்.

பிறகு ராக் இசை வந்தது. 1964இல் பீட்டில்ஸ் அமெரிக்காவுக்கு வந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய 'ஹலோ, டாலி!' என்ற பிராட்வே பாட்டு பீட்டில்ஸை முதலிடத்திலிருந்து இறக்கியது. ஆம்ஸ்ட்ராங்குக்கு அப்போது வயது 62! வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் பழைய வீட்டின் கடைசிக் கல்யாண விருந்து மாதிரியான வெற்றி. அதன் பிறகு கைச்செலவுக்குப் பணம் கிடைத்த இளைஞர்கள் இசைத்தட்டு வாங்கினார்கள். நாடகச் சீட்டு வாங்கியது அவர்களுடைய அப்பா அம்மா. ஒரே வீடு இரண்டாகிவிட்டது.

இந்தச் சுவரில் முதல் ஓட்டை போட்டது 'ஹேர்'. 1968 ஏப்ரலில் பிராட்வேக்கு வந்து 1,750 காட்சிகள் ஓடியது. அதன் இசைத்தட்டு 1969இல் 13 வாரம் முதலிடத்தில் இருந்தது. லண்டனில் அது 1968 செப்டம்பர் 27 அன்று தொடங்கியது. மேடை நாடகத்துக்கு இருந்த தணிக்கையை ஒழித்த சட்டம் நடைமுறைக்கு வந்த மறுநாள் அது!

அப்படியானால் ராக் இசை போட்டால் போதுமா? போதாது. 'ஹேர்' இசையமைப்பாளர் கால்ட் மெக்டெர்மட் 1972இல் இன்னும் இரண்டு நாடகங்களை பிராட்வேக்குக் கொண்டுவந்தார். 'ட்யூட்' 16 காட்சிகளில் முடிந்தது. 'வயா கலாக்டிகா' 7 காட்சிகளில் முடிந்தது. அதே மனிதர், அதே பாணி இசை. இரண்டும் முதலுக்கே மோசம். அரங்கை எடுத்து, அரங்கப் பொருட்கள் செய்து, நடிகர்களுக்குச் சம்பளம் கொடுத்து, திரையைத் தூக்கிய பிறகுதான் மக்களுக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிகிறது. அந்தத் தொழிலின் தீராத நோய் இது.

இரண்டு இளைஞர்களும் ஒரு இசைத்தட்டும்

லாயிட் வெப்பரும் பாடலாசிரியர் டிம் ரைஸும் 1968இல் லண்டனில் ஒரு பள்ளிக்கூடப் பாடகர் குழுவுக்காக, யோசேப்பின் கதையை வைத்துக் கால் மணி நேரப் படைப்பு ஒன்றைச் செய்திருந்தார்கள். அடுத்து அவர்கள் எடுத்துக்கொண்டது இயேசுவின் கடைசி நாட்கள். அதுவும் யூதாசின் கண் வழியாக. எந்த நாடகத் தயாரிப்பாளர் தொடுவார்? அனுபவம் இல்லாத இருவர், மதத்தைத் தொடும் கதை, ராக் இசை. யாரும் தொடவில்லை.

தொட்டது இசைத்தட்டு நிறுவனம். அதுவும் ஆழம் பார்த்துத்தான் காலை விட்டது. முதலில் 1969இல் மரே ஹெட் பாடிய ஒரே ஒரு பாட்டு. அது ஓரளவு கவனம் பெற்ற பிறகுதான் 1970இல் இரட்டை இசைத்தட்டாக 'ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்' முழுவதும் வந்தது. அப்போது லாயிட் வெப்பருக்கு வயது 22. ரைஸுக்கு 26கூட முடியவில்லை. இயேசுவாகப் பாடியவர் டீப் பர்ப்பிள் குழுவின் இயன் கில்லன். மகதலேனா மரியாளாகப் பாடியவர் ஹவாயிலிருந்து லண்டனுக்கு வந்து கிளப்பில் பாடிக்கொண்டிருந்த இவான் எலிமன் என்ற இளம்பெண். மேடை இல்லை, உடை இல்லை, ஒளி இல்லை. நான்கு பக்கங்களில் ஒரு கதை.

1971இல் அந்த இசைத்தட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அந்த ஆண்டு முழுவதற்குமான பில்போர்ட் பட்டியலிலும் அதுவே முதல். இன்னும் மேடையே ஏறாத ஒரு நாடகம்! அனுமதி வாங்காமலே அமெரிக்காவில் பலர் அதைக் கச்சேரியாக நடத்தத் தொடங்கினார்கள். தயாரிப்பாளர் ராபர்ட் ஸ்டிக்வுட் நீதிமன்றம் போனார். கூடவே அனுமதி பெற்ற கச்சேரிக் குழுவைத் தாமே ஊர் ஊராக அனுப்பினார். 1971 அக்டோபர் 12 அன்று பிராட்வேயில் திரை தூக்கியபோது வாசலில் கிறிஸ்தவர்கள் சிலரும் யூதர்கள் சிலரும் எதிர்ப்புப் பலகையோடு நின்றார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்குப் பாட்டு ஏற்கெனவே மனப்பாடம்.

வணிகம் தெரிந்தவர்கள் இதைப் பார்த்தால் உடனே சொல்வார்கள்: இது சந்தைச் சோதனை. பெரிய முதலைப் போடுவதற்கு முன் சிறிய முதலைப் போட்டு வாங்குபவரின் மனதைப் பார்ப்பது. இதைச் சொன்னதும் கலை ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். கலையைச் சோப்புக் கட்டி மாதிரி விற்பதா என்பார்கள். அந்தச் சுளிப்பு நியாயமில்லை. சந்தை என்ற வாசல் மட்டும் இல்லாவிட்டால் அந்த இருவருக்கும் வேறு எந்த வாசல் திறந்திருந்தது? பழைய முறையில் முடிவு எடுத்தவர்கள் ஒரு சில தயாரிப்பாளர்களும் அவர்களுக்குத் தெரிந்த ஒரு சில பணக்காரர்களும். புதிய முறையில் முடிவு எடுத்தவர்கள் கடையில் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்கிய முகம் தெரியாத லட்சக்கணக்கானவர்கள். எது ஜனநாயகம்?

வழி மாறினால் வடிவமும் மாறும்

இசைத்தட்டு வெறும் விளம்பரமாக நிற்கவில்லை. நாடகத்தின் உடம்பையே மாற்றியது. இசைத்தட்டில் நடிப்பைக் காட்ட முடியாது, நீண்ட வசனம் கேட்கச் சலிப்பு. ஆகவே முழுக் கதையையும் பாட்டிலேயே சொல்லியாக வேண்டும். 'சூப்பர்ஸ்டார்' அப்படித்தான் வசனமில்லாமல் பிறந்தது. அதே இருவரின் 'எவிட்டா' 1976இல் இசைத்தட்டாக வந்து 1978இல் மேடை ஏறியது. 'லே மிசராப்ள' 1980இல் பிரெஞ்சு இசைத்தட்டாகத் தொடங்கியது. பின்னாளில் உலகமெங்கும் ஓடிய பெரிய மேடைப் படைப்புகள் முழுக்கப் பாட்டாக இருப்பதற்கு, அந்த இரட்டை இசைத்தட்டின் கட்டாயமும் ஒரு காரணம்.

மற்றவர்களும் பாடம் படித்தார்கள். 'காட்ஸ்பெல்' ஒரு மாணவரின் படைப்பு. ஜான்-மைக்கேல் டெபலக் பல்கலைக்கழகப் பட்டத்துக்காகச் செய்தது அது. 1971இல் 23 வயது ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் அதற்குப் புதிய பாட்டுகள் எழுதினார். அவற்றில் 'டே பை டே' 1972இல் வானொலியில் வெற்றி பெற்றது. அதே ஷ்வார்ட்ஸின் 'பிப்பின்' 1972இல் வந்தபோது மோடவுன் இசைத்தட்டு நிறுவனம் பணம் போட்டது. போட்ட கையோடு தன் பாடகர்களுக்கு அந்தப் பாட்டுகளைக் கொடுத்தது. ஜாக்சன் 5 குழு ஒன்று பாடியது, சுப்ரீம்ஸ் குழு ஒன்று பாடியது. பதின்வயது மைக்கேல் ஜாக்சன் தனியாக ஒன்று பாடினார். நாடகம் 1,944 காட்சிகள். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பது இதுதான்.

தராசு எடை போடாத ஒன்று

இதுவரை எல்லாம் இன்பமயம். இனி மறுபக்கம்.

1971 ஏப்ரலில் பிராட்வேயில் ஸ்டீபன் சோண்ட்ஹைம் இசையில் 'ஃபாலிஸ்' வந்தது. இடிக்கப்படப்போகும் ஓர் அரங்கில், ஒரு காலத்தில் அங்கே ஆடிப்பாடிய பெண்கள் முதுமையில் ஒன்றுகூடுகிறார்கள். இளமையில் எடுத்த முடிவுகள் அவர்களைச் சுற்றிப் பேய்களாக நடமாடுகின்றன. 522 காட்சிகள் ஓடியும் போட்ட பணம் திரும்பவில்லை. இசைத்தட்டு வெளியிட்ட நிறுவனம் இரண்டு தட்டுக்கான சரக்கை ஒரே தட்டில் அடைத்தது. சில பாட்டுகள் வெட்டப்பட்டன, சில விடப்பட்டன. 1972இல் டோனி விருதில் சிறந்த இசைக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. சிறந்த இசை நாடகப் பரிசு வேறொன்றுக்குப் போனது. இன்று அந்த ஆண்டின் பிராட்வேயைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்லும் பெயர்களில் 'ஃபாலிஸ்' ஒன்று. மீண்டும் மீண்டும் மேடை ஏறுகிறது.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம். 'ஃபாலிஸ்' நாடகத்துக்கு முதலில் இசைத்தட்டுச் சோதனை வைத்திருந்தால்? நடுவயது ஏமாற்றத்தைப் பற்றி, ஐம்பது வருடத்துக்கு முந்தைய பாணிகளில் எழுதிய பாட்டுகளை 1970இல் எத்தனை கல்லூரி மாணவர்கள் வாங்கியிருப்பார்கள்? சோதனையில் தோற்றிருக்கும். மேடையே பார்த்திருக்காது. அந்தப் பாட்டுகளின் பாரம், அந்தக் கிழட்டு உடம்புகளுக்குப் பக்கத்தில் இளம் பேய்கள் நிற்பதைக் கண்ணால் பார்க்கும்போதுதான் முழுதாகப் புரியும். காதுக்கு மட்டும் வைத்த தராசு அதை எடை போடாது. 'ஃபாலிஸ்' நமக்குக் கிடைத்தது ஹரோல்ட் பிரின்ஸ் என்ற தயாரிப்பாளர், விற்குமா என்று தெரியாமலே திரையைத் தூக்கியதால்.

'சூப்பர்ஸ்டார்' கதையிலேயே இன்னொரு பாடமும் ஒளிந்திருக்கிறது. இசைத்தட்டு தலைகால் தெரியாமல் விற்ற அமெரிக்காவில் நாடகம் 711 காட்சிகளோடு முடிந்தது. அந்த ஆடம்பரமான பிராட்வே மேடையாக்கம் லாயிட் வெப்பருக்கே பிடிக்கவில்லை. இசைத்தட்டு தொடக்கத்தில் பெரிதாக விற்காத பிரிட்டனில், 1972இல் ஜிம் ஷார்மன் இயக்கத்தில் பேலஸ் அரங்கில் தொடங்கிய நாடகம் 1980 வரை 3,358 காட்சிகள் ஓடியது. அன்றைய அளவில் லண்டனில் மிக நீண்ட நாள் ஓடிய இசை நாடகம் அதுவே. விற்பனை எண் கதவைத் திறக்கும். உள்ளே வந்தவர்களை உட்கார வைப்பது எண்ணின் வேலை அல்ல, மேடையின் வேலை.

ஆகவே எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கிடார் இல்லை. இரண்டு வாசல் வேண்டும் என்பது. ஒன்று, பணமும் சிபாரிசும் இல்லாத 22 வயதுக்காரனுக்கான வாசல். அங்கே காவலாளி சந்தை. அவன் குலம் கோத்திரம் கேட்பதில்லை, பாட்டு பிடித்திருக்கிறதா என்று மட்டும் கேட்கிறான். மற்றொன்று, இன்று யாரும் கேட்காததை எழுதுகிறவனுக்கான வாசல். அங்கே நஷ்டத்தைத் தாங்கத் துணிந்த ஒருவர் நிற்க வேண்டும்.

முதல் வாசல் இன்று அகலமாகிவிட்டது. அனாயிஸ் மிட்செல் 2010இல் இசைத்தட்டாக வெளியிட்ட 'ஹேட்ஸ்டவுன்' 2019இல் பிராட்வேக்கு வந்து சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதை வாங்கியது. இணையம் இருக்கும்வரை அந்த வாசலை இனி யாராலும் மூட முடியாது. கவலைப்பட வேண்டியது இரண்டாவது வாசலைப் பற்றித்தான். எல்லாவற்றையும் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க முடிகிற காலத்தில், சோதிக்காமல் ஒன்றை மேடையேற்ற யாருக்குத் துணிவு வரும்?

அந்தத் துணிவுக்கும் ஒரு கணக்குத் தலைப்பு வேண்டும். நஷ்டம் என்று மட்டும் எழுதி மூடிவிடக் கூடாது.