இரண்டாம் மொழித் தேர்ச்சிக்கு ஐந்து நாள் கற்கை ஈடாகாது: போதனாசிரியர் சங்கத்தின் நிலைப்பாடு

பதவிநிலை உத்தியோகத்தர்களுக்காக ஐந்து நாள் வதிவிடக் கற்கை ஒன்றை நடத்தி, 'பல்பண்பாட்டுத் தலைமைத்துவமும் மொழியும்' என்று பெயரிட்டு, அதை முடித்தோருக்கு இரண்டாம் அரசகரும மொழித் தேர்ச்சியிலிருந்து விலக்களிக்கலாம் என்ற யோசனை எமது கருத்துக்காக அனுப்பப்பட்டுள்ளது. பதிலளிக்க ஒரு வாரம் தந்திருக்கிறார்கள். செயற்குழு இரு தடவை கூடியது. எல்லாவற்றிலும் உடன்பாடு எட்டப்பட்டதென்று சொல்வதற்கில்லை. விலக்களிப்பை ஏற்க முடியாது என்பதில் மட்டும் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை.

1956 இன் தனிச் சிங்களச் சட்டத்திலிருந்து தொடங்கும் கதை உறுப்பினர்களுக்குப் புதிதல்ல. 1987 இல் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டு 16 ஆம் திருத்தம் வந்தது. 2007 ஜூலை 1 முதல் அரச சேவையில் சேர்ந்தோர் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்ற மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னது. 2012 இல் அப்துல் கலாமையே அழைத்து மும்மொழித் திட்டத்தை ஆரம்பித்தார்கள். இத்தனைக்கும் பிறகு ஐந்து ஆண்டு எப்படி ஐந்து நாளாகச் சுருங்கியது என்பதை யோசனையை எழுதியவர்கள்தான் விளக்க வேண்டும்.

குறுங்காலக் கற்கைகளுக்கு நாம் எதிரானவர்கள் அல்லர். 150, 200 மணித்தியால வகுப்புகளையே போதாதென்று கருதும் உறுப்பினர்களும் எம்மிடையே உண்டு. அவற்றில் கற்பித்தே வாழ்க்கை நடத்துபவர்களும் உண்டு. ஆனாலும் ஐந்து நாளில் செய்யக்கூடிய பயனுள்ள வேலை இருக்கிறது. உதாரணத்துக்கு, தமிழ்ப் பெயர் எப்படி அமைகிறது என்பதை ஒரு காலைப்பொழுதில் சொல்லிக் கொடுத்துவிடலாம். தகப்பனின் பெயரைக் குடும்பப் பெயர் என்று எண்ணி எழுதிவிடும் எழுதுவினைஞரால், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயருமாகி, சத்தியக் கடதாசி முடிக்க அலைவோர் எத்தனை பேர்! இத்தகைய விடயங்கள் பாடத்திட்டத்தில் இருந்தால் வரவேற்போம். எமக்கு அனுப்பப்பட்ட நிகழ்ச்சி நிரலில் அவை இல்லை. குழு விளையாட்டும் கலாசார இரவும் இருக்கின்றன.

எமது பிரதான ஆட்சேபம் வாக்குமூலம் தொடர்பானது. தோட்டத்து லயத்திலிருந்து ஒரு பெண் முறைப்பாடு கொடுக்கப் பொலிஸ் நிலையத்துக்குப் போகிறாள். "வணக்கம், இருங்க அம்மா" என்று தமிழிலேயே வரவேற்கிறார் உத்தியோகத்தர். அவள் தமிழில் சொல்வதை அரைகுறையாக விளங்கிக்கொண்டு சிங்களத்தில் எழுதுகிறார். எழுதியதை அவளுக்குத் தமிழில் வாசித்துக்காட்ட அவரால் முடியாது. கீழே கையெழுத்து வைக்கச் சொல்கிறார், அவளும் வைக்கிறாள். வழக்கு நீதிமன்றத்துக்கு வரும்போதுதான், சம்பவ நேரம் மாறியிருப்பதும் அடித்தவன் பெயரே விடுபட்டிருப்பதும் தெரியவருகிறது. "இது உங்கள் கையெழுத்துதானே?" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள்? ஐந்து நாள் கற்கை கொடுப்பது அந்த "வணக்கம்" வரைக்கும்தான். கேட்டதைத் தமிழில் எழுதவும் எழுதியதை வாசித்துக்காட்டவும் வேண்டிய திறனை அது கொடுக்காது. கொடுக்கும் என்று சொல்பவர் வகுப்பறைக்குள் கால் வைத்ததே இல்லை. சிங்களம் பேசும் ஒருவர் ல, ள, ழ மூன்றையும் பிழையின்றி எழுதப் பழகவே வாரங்கள் போகும்.

கற்றுக்கொண்ட படிப்பினைகள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 இல் என்ன சொன்னது? எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் 24 மணிநேரமும் இருமொழி உத்தியோகத்தர்கள் இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியிலேயே வாக்குமூலம் பதியப்பட வேண்டும் என்றது. பரிந்துரை அப்படியே கிடக்கிறது. இப்போது சான்றிதழை மலிவாக்கினால் கணக்கேட்டில் இருமொழி உத்தியோகத்தர் தொகை ஏறும், ஆளணி வெற்றிடம் நிரம்பியதாகக் காட்டப்படும், உண்மையில் தமிழ் தெரிந்த ஒருவரை நியமிக்கும்படி கேட்கவும் இடமிருக்காது. இதைச் சீர்திருத்தம் என்கிறார்கள். நாம் இதை ஏமாற்று என்கிறோம். (இச்சொல்லை மென்மையாக்க வேண்டும் என்ற பிரேரணை செயற்குழுவில் தோற்கடிக்கப்பட்டது.)

வடக்கு, கிழக்கில் பணிபுரியும் தமிழ் உத்தியோகத்தர்களின் சிங்களத் தேர்ச்சிக்கும் இதே அளவுகோல் பொருந்த வேண்டும். பரீட்சை முறையில் குறைகள் உண்டு என்பதை ஏற்கிறோம்.

ஆகவே, விலக்களிப்பு வாசகம் யோசனையிலிருந்து முழுமையாக நீக்கப்பட வேண்டும். கற்கை நடத்தப்படுமாயின், எழுத்து, வாய்மொழிப் பரீட்சைகளுக்கு மேலதிகமான ஒன்றாக மட்டுமே நடத்தப்பட வேண்டும். பொதுமக்களின் வாக்குமூலம் பதியும் எந்தப் பதவிக்கும் அதன் சான்றிதழ் தகைமையாகக் கொள்ளப்படலாகாது. இவை ஏற்கப்படும் வரை இக்கற்கைக்கு வளவாளர்களாகச் செல்வதைத் தவிர்க்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஏற்கெனவே ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்கள் தமது முடிவைத் தாமே எடுக்கலாம். ஆனால் சங்கத்தின் பெயரைப் பயன்படுத்த அவர்களுக்கு அனுமதி இல்லை.