விதி என்று சொல்லாதீர்கள்

"உங்க ரெண்டு பேருக்கும் தலையெழுத்து அவ்ளோதான்" என்று பெரியம்மா சொன்னார். அத்தை சொன்னார். பள்ளிக்கூடத்து மிஸ்கூடச் சொன்னார். எது தலையெழுத்து? என் ஃபோனைப் பிடுங்கி, எல்லோர் முன்னாலும் மெசேஜ்களைச் சத்தமாகப் படித்தது தலையெழுத்தா? ராத்திரியோடு ராத்திரியாக அவளை வேனில் ஏற்றி வேறு மாவட்டத்துக்கு அனுப்பியதா? மனிதர்கள் செய்த காரியம் இது. கூடி உட்கார்ந்து, வேன் வாடகை யார் கொடுப்பது என்பது வரை பேசி முடித்துவிட்டுச் செய்தார்கள். பழியை மட்டும் கடவுள் தலையில் போடுகிறார்கள்.

எங்களுக்கு அப்போது 17 வயது. பிளஸ் டூ. நான் மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்துப் பெண். அவள் சிற்பி வீட்டுப் பெண். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை உளிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள்.

நான் பிறந்ததிலிருந்து அர்ச்சுனன் தபசைத் தாண்டித்தான் போய்வருகிறேன். டூரிஸ்ட் பஸ்ஸில் வருகிறவர்கள் போட்டோ எடுக்கிற பாறை, என்னைப் பொறுத்தவரை அவ்வளவுதான். அவள்தான் என்னை நிறுத்தினாள். யானையின் அருகே ஒற்றைக்காலில் நின்று கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிற பூனையைக் காட்டினாள்; அதன் காலடியில் பயமில்லாமல் நிற்கிற எலிகளைக் காட்டினாள். பின்னங்காலால் மூக்கைச் சொறிகிற மானைக் காட்டினாள். தவம் செய்கிறவன் அர்ச்சுனனா, கங்கையை இறக்கிய பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லையாம். "ஒரே பாறைதான். ரெண்டு கதையையும் தாங்குதுல்ல?" என்றாள்.

அதே தபசை இன்னொரு பாறையிலும் தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறார்கள். அதன் முன்னால் யாரும் நிற்பதில்லை. அவளுக்கு அதுதான் உயிர். முடிந்த சிலையில் சிற்பியின் கை மறைந்துவிடுமாம். பாதியில் நின்றதில்தான் உளி எங்கே இறங்கியது, எங்கே தயங்கியது என்பதெல்லாம் தெரியுமாம். பிடாரி ரதங்களுக்குக் கூட்டிப்போய், மேலே வேலை முடிந்து கீழே கரடாக நிற்கிற கல்லைத் தடவிப் பார்க்கச் சொன்னாள். மேலிருந்து கீழாகச் செதுக்கிவந்தவர்கள் விட்டுப்போன இடம் அது. அந்தக் கல்லின் மேல்தான் முதன்முதலில் அவள் கை என் கைமேல் பட்டு, எடுக்காமல் இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, அப்பா வலை பொத்துவதைப் பார்த்தேன். பதினேழு வருஷமாக என் கண்முன்னால் நடந்த வேலை. அந்த விரல்களை அன்றுதான் பார்த்தேன். என் ஊரை, என் வீட்டை, என் அப்பாவையே எனக்குக் காட்டிக்கொடுத்தவள் அவள். இதில் எது அசிங்கம்? சொல்லுங்கள், எது?

பிரித்த பிறகு என்னைக் குணப்படுத்தக் கிளம்பினார்கள். முதலில் மந்திரித்தார்கள், வேப்பிலை, எலுமிச்சை, கன்னத்தில் அறை. பிறகு செங்கல்பட்டில் ஒரு டாக்டர். அவர் என்னிடம் பேசவே இல்லை. அம்மாவிடம், "வயசுக் கோளாறு, கல்யாணம் பண்ணா சரியாயிடும்" என்று சொல்லி மாத்திரை எழுதினார். விழுங்கினால் நாள் முழுக்கத் தூக்கம். என்னத்துக்கு என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

இது நடந்தது 2022 கடைசியில். ஆத்திரம் அடங்காமல் இருப்பது அதனால்தான். 2021 ஜூன் 7-ஆம் தேதியே சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சொல்லிவிட்டார்: இந்த ஒருபால் ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயலவே கூடாது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கு அது. தனக்கும் இதில் முழுப் புரிதல் இல்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து தீர்ப்பு எழுதினார். பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பள்ளிகள் பெற்றோருக்கு இதைப் புரியவைக்க வேண்டும் என்றும் அந்த உத்தரவில் இருக்கிறது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், இப்படி மாற்றச் சிகிச்சை தருவது தொழில் ஒழுங்கீனம் என்றே அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து இந்த ஈர்ப்பை எடுத்தது 1990-இல், நான் பிறப்பதற்கு முன்னால். டாக்டர் சார், இதையெல்லாம் படிக்கவேண்டியது நானா, நீங்களா? எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. மார்க் பேசினார்கள், ஃபீஸ் பேசினார்கள். எங்கள் விஷயம் வந்தபோது டி.சி.யை நீட்டினார்கள்.

அந்தத் தீர்ப்பை ஒரு வரி விடாமல் படித்திருக்கிறேன். காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுத்தால், விசாரித்து, சம்மதத்தோடு சேர்ந்திருக்கிற வயதுவந்தவர்கள் என்று தெரிந்ததும் போலீஸ் அதை முடித்துவிட வேண்டும், தொந்தரவு செய்யக்கூடாது. வயதுவந்தவர்கள். 17 வயதுக்காரி ஓடினால் பிடித்துவந்து அதே வீட்டில்தான் விடுவார்கள், அதே பூட்டுக்குள். உடைக்கிற வேலையெல்லாம் 18-க்கு முன்னால்தான் நடக்கிறது. சட்டம் அதற்குப் பிறகுதான் கண் திறக்கிறது. 2008-இல் சென்னையில், பிரித்துவிட்டார்கள் என்று இரண்டு பெண்கள் சேர்ந்தே உயிரை விட்டார்கள். அவர்கள் சின்னப் பிள்ளைகள்கூட இல்லை. அந்த வயதிலேயே தாங்க முடியவில்லை என்றால், பள்ளிச் சீருடையில் இருக்கிற பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

நான் நின்றேன். எப்படி என்று தெரியவில்லை, நின்றேன். அவள்? 18 முடிந்த கையோடு கல்யாணம் என்று கேள்வி. கேட்டால், "அவ நல்லாத்தான் இருக்கா, நீ கெடுக்காத" என்கிறார்கள்.

2025 மே 22-ஆம் தேதி, அதே உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் 25 வயதுப் பெண் ஒருத்தியின் வழக்கை விசாரித்தார்கள். வீட்டார் இழுத்துப்போய், அடித்து, சடங்கு செய்து அடைத்து வைத்திருந்தார்கள் அவளை. என் கதையேதான். நீதிபதிகள் அவளிடமே கேட்டார்கள். தோழியோடு போகிறேன் என்றாள். போ என்றார்கள். கல்யாணம் மட்டும்தான் குடும்பத்துக்கு வழி என்று இல்லை என்றும் எழுதினார்கள்.

அந்தச் சிற்பி வீட்டுப் பெண்ணும் இப்போது வயதுவந்தவள்தான். நான் அவளைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. அவள் யாருடைய பொருளும் இல்லை. அவள் அப்பா, அம்மா, மாமா, பஞ்சாயத்துக்கு வந்த பெரிய மனிதர்கள், டி.சி. நீட்டிய மிஸ் எல்லோரையும் கேட்கிறேன். பக்கத்தில் யாரும் நின்று முறைக்காமல், கதவைத் திறந்துவைத்து, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று உங்களில் யார் அவளிடம் போய்க் கேட்கப்போகிறீர்கள்? என்றைக்கு?