குசினியை எட்டாத பன்மைத்துவம்

பெருங்கதையாடல்கள் செத்துவிட்டன என்று நமது சிறுபத்திரிகைகள் அறிவித்துக் கனகாலம். பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு 2009இல் ஓடிவந்து, பாரிஸில் ஒரு ரெஸ்ரோறன்றில் கோப்பை கழுவுகிற எனக்கும் அந்த மரண அறிவித்தல் வந்து சேர்ந்தது. வேலை நேரம், அழ முடியவில்லை.

ஒரு விதியால் பாதிக்கப்படக்கூடிய அனைவரும் உரையாடலில் கலந்து அதற்கு உடன்படக்கூடுமானால்தான் அது செல்லுபடியாகும் என்று ஹாபர்மாஸ் 1992இல் எழுதினார். நவீனத்துவத்தின் நல்ல பிள்ளை. அதற்கு முன்னரே லியோத்தார், கருத்தொருமிப்பைத் தேடுவதே வேறுபாடுகளின் மீதான வன்முறை என்றிருந்தார். மன்றத்தின் மொழியில் தன் இழப்பைச் சொல்ல வழியற்றவனைப் பற்றி 1983இல் ஒரு நூலும் எழுதினார். அகதி விசாரணையில் மொழிபெயர்ப்பாளரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. அந்த இடத்தில் நான் லியோத்தாரின் பக்கம்தான்.

ஷந்தால் மூஃப் இன்னொரு பக்கத்தால் வந்தார். முரண்பாடு தீராது, எதிரியை எதிராளியாக ஏற்பதே பன்மைத்துவ ஜனநாயகம் என்றார். (நம்மிடம் 'துரோகி' என்று மூன்றாவது சொல்லொன்றும் இருந்தது. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு அதுகூடச் சொல்லப்படவில்லை, வெளியேற இரண்டு மணித்தியாலம் மட்டும் கொடுக்கப்பட்டது.)

எல்லாம் சரி நண்பர்களே, மேசையில் யார் யார் இருக்கிறார்கள்? உடன்படவோ முரண்படவோ முதலில் கதிரை வேண்டாமா? ஐந்து வருடம் வசித்த வெளிநாட்டவருக்கு மாநகரசபைத் தேர்தலில் வாக்குரிமை தருவதாக 1981இல் மித்தரோன் வாக்களித்தார். 2012இல் ஒல்லாந்தும் அதைச் சொன்னார். இரண்டும் கிடப்பில் போயின. வேறுபாட்டைக் கொண்டாடும் நம்மவர்கள் இதைப்பற்றி ஒரு பக்கம் எழுதியதை நான் காணவில்லை. வாக்குரிமை பழைய பெருங்கதையாடலாம். செத்த பிணமென்றாலும் பரவாயில்லை, எனக்கு அதில் ஒரு பங்கு வேண்டும். அது இல்லாமல் கொண்டாடப்படும் என் வேறுபாடு, இந்த ரெஸ்ரோறன்றின் மெனு அட்டையில் இருக்கும் இன்னொரு கறி.

பிரஜாவுரிமை எடுத்தால் போயிற்று என்பார்கள். என்னோடு வேலை செய்யும் போர்த்துக்கீசன் எனக்கு ஆறு வருடம் பிந்தி வந்தவன். மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தின் புண்ணியத்தில் 2020இல் மாநகரசபைக்கு வாக்குப் போட்டான். அவனிடம் யாரும் பிரஜாவுரிமை கேட்கவில்லை. எங்களிருவர் பிள்ளைகளும் படிப்பது அதே மாநகரசபைப் பள்ளிக்கூடத்தில்.