கொதிக்கும் வண்டியும் கொட்டும் தண்ணீரும்

பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதேனும் ஒன்றின் ஓரத்தில் ஒரு கார் நிற்கும். பானெட் திறந்திருக்கும். ஆவி பறக்கும். குடும்பத்தார் நிழல் தேடி ஒதுங்கியிருக்க, ஓட்டுநர் தண்ணீர்ப் பாட்டிலோடு காத்திருப்பார். ஊற்றுவார், வண்டி கிளம்பும், சரியாகிவிட்டது என்பார்கள். சரியாகிவிட்டதா? காய்ச்சல்காரனின் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு நோய் தீர்ந்தது என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

என்ஜின் சூடாவது நோயன்று, நோயின் அறிகுறி. அதுமட்டுமா? நாம் மருந்தென்று ஊற்றுகிற தண்ணீரே பல வண்டிகளில் நோய்க்கு மூலமாக இருக்கிறது. இதை ஓட்டுநர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டிய கடமை வேதியியல் படிக்கும் நமக்குத்தான் உண்டு என்பது என் கருத்து.

என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே ரேடியேட்டர் என்பது எனக்குப் பாடநூலில் வரும் படம் மட்டுமன்று. வீட்டில் அடுப்பெரிவதும் அதைப் பொறுத்தது.

எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குளிர்விக்கும் நீர்தான் சுமந்து சென்று ரேடியேட்டர் வழியே காற்றில் விடுகிறது. இந்தச் சுற்று எங்கே தடைப்படுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வைத்தியம். அதற்கு முதலில் வேண்டியது ஸ்பானர் அன்று, ஒரு கேள்வி: "எப்போது சூடாகிறது?"

சிக்னலிலும் நெரிசலிலும் நிற்கும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் தணிந்தால் விசிறியைப் பாருங்கள். ஓடும் வண்டியில் எதிர்க்காற்றே விசிறியின் வேலையைச் செய்துவிடுகிறது. பழைய அம்பாசிடரில் விசிறியைப் பெல்ட் சுழற்றியது. இக்காலக் கார்களில் பெரும்பாலும் மின்விசிறி. ஆகவே ஃபியூஸ், ரிலே என்று தேடவேண்டும். இதற்கு மாறாக, நிற்கும்போது ஒன்றுமில்லை, நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் முள் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர்க் குழாய்கள் அடைத்திருக்கலாம், அல்லது வாட்டர் பம்ப் சரியாகத் தள்ளவில்லை. என்ஜின் கொதிக்கும்போதும் ரேடியேட்டர் குளிர்ந்தே கிடந்தால் தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கும். ஒழுக்கு எங்கும் இல்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது, ஆயில் பால்விட்ட தேநீர்போல் ஆகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. இன்னொன்று: தண்ணீர் முழுவதும் வற்றிவிட்டால் வெப்பமறியும் கருவி நீரில் படாமல் நிற்பதால் முள் இறங்கியும் காட்டக்கூடும். இறங்கிவிட்டது என்று மகிழ்ந்து ஓட்டினால் என்ஜின் இறுகிவிடும்!

என் தந்தையாரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நெடுஞ்சாலையில் மட்டுமே சூடான வண்டியில், ஒரு பட்டறைக்காரர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, "இனிமே தண்ணி தாராளமா ஓடும் அண்ணே" என்று அனுப்பிவிட்டார். கழற்றுவது நம் ஊரில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. என்ஜின் உரிய வெப்பத்துக்கு வரத் தாமதமாகி எரிபொருள் வீணாகும். சில என்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியில் திரும்பிச் சூடு கூடவும் செய்யும். ஒரு மாதம் கழித்துச் சவாரியின் நடுவிலேயே கேஸ்கெட் போய், ஹெட்டும் வளைந்தது. பதினொரு நாள் வண்டி ஓடவில்லை. அந்தப் பதினொரு நாளும் எங்கள் வீட்டில் எப்படிக் கழிந்தன என்பதை இங்கே எழுதவேண்டியதில்லை.

வேறொரு மெக்கானிக் ரேடியேட்டரைப் பிரித்துக் காட்டினார். குழாய்களுக்குள் வெள்ளை வெள்ளையாய்ச் சுண்ணாம்புப் படிவு! வீட்டில் சோறு வடிக்கும் அதே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் வண்டிக்கும் போயிருந்தது. தற்காலிகக் கடினத்தன்மை என்று நாம் மனப்பாடம் செய்கிறோமே, அதுதான் இது. சூடேறும்போது கால்சியம் பைகார்பனேட் சிதைந்து கார்பனேட்டாகப் படிகிறது. அலுமினியம் வெப்பம் கடத்தும் திறனோடு ஒப்பிட்டால் இந்தப் படிவின் திறன் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். வெப்பம் எப்படி வெளியேறும்?

அதே பருவத்தில்தான் ஆய்வகத்தில் ஈ.டி.டி.ஏ. கொண்டு நீரின் கடினத்தன்மையை அளந்துகொண்டிருந்தோம். ஒயின் சிவப்பு நீலமானதும் அளவைக் குறித்து, கையெழுத்து வாங்கி, குடுவையைக் கழுவி வைத்துவிட்டுப் போவோம். ஒருநாள் அனுமதி பெற்று எங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்தேன். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை. எங்கள் தண்ணீர் 600ஐத் தாண்டியிருந்தது.

"கூலன்ட் எல்லாம் பனி நாட்டுச் சரக்கு, சேலத்து வெயிலுக்கு எதற்கு?" என்று கேட்பார்கள். அந்தப் பொருளுக்கு உறைதடுப்பான் என்று பெயர் வைத்தவர்கள் செய்த குழப்பம் இது. கிளைக்காலும் நீரும் சரிபாதி கலந்த கலவை சாதாரண அழுத்தத்திலேயே 107 டிகிரி செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும். துருவைத் தடுக்கும் பொருள்களும் அதில் உண்டு. ரேடியேட்டர் மூடியும் வெறும் மூடியன்று. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தை அது பிடித்து வைத்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. அதன் ரப்பர் தேய்ந்தால் அந்தப் பயன் போயிற்று. சூட்டோடு திறந்தால் கொதிநீரும் ஆவியும் முகத்தில் பாயும். கூலன்டில் கலக்க நல்ல நீர் எங்கே என்றால், பேட்டரிக்கு ஊற்றும் கனிமம் நீக்கிய தண்ணீர் பெட்ரோல் பங்குகளிலேயே கிடைக்கிறது. மலையில் வழியின்றி நிற்பவர், என்ஜின் ஆறியபின் எந்த நல்ல தண்ணீரையும் ஊற்றட்டும். ஊர் திரும்பியதும் அதை வடித்துவிட வேண்டும், அவ்வளவே.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் கோயில் வளாகத்தைக் கூட்டுகிறோம். நல்லதுதான். இவ்வாண்டு ஒருநாள் கார் ஸ்டாண்டிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் ஒரு மேசை போட்டு, ஓட்டுநர்கள் கொண்டுவரும் தண்ணீரைச் சோதித்துச் சொன்னால் என்ன? துறையில் கேட்டால் மறுக்கமாட்டார்கள். பியூரெட்டுகள் சனி, ஞாயிறில் சும்மாதான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.