எழுத்துப் பிழைக்கு அஞ்சலாமா?

ஆங்கிலக் கட்டுரை எழுத அமரும்போது நாம் செய்வது என்ன? 'பியூட்டிஃபுல்' என்று எழுத நினைத்து, எழுத்துக்கூட்டத் தெரியாமல் 'நைஸ்' என்று முடித்துவிடுகிறோம். சிவப்பு மைக்கு அஞ்சி நம் கருத்தையே சுருக்கிக்கொள்கிறோம். இது பிழையைவிடப் பெரிய இழப்பன்றோ?

ஆங்கில எழுத்துகள் காரணமின்றி நிற்பவை அல்ல. 'நைஃப்' என்னும் சொல்லின் முதலில் நிற்கும் 'கே' ஒரு காலத்தில் ஒலிக்கப்பட்டதே. 1476-இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவிய பின், எழுத்து மெல்ல மெல்ல நிலைத்தது. ஒலியோ மாறிக்கொண்டே சென்றது. கடனைக் குறிக்கும் 'டெட்' என்னும் சொல்லில் ஒலிக்காத 'பி', இலத்தீன் மூலத்தை நினைவூட்ட அறிஞர்கள் புகுத்தியது. காரணம் அறிந்த சொல் எளிதில் மறப்பதில்லை.

எனவே பத்து முறை எழுதி மனனம் செய்வதைவிட, நாளொரு சொல்லுக்கு அகராதியில் பொருளும் மூலமும் காண்போம். புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்போம். சொந்த வாக்கியத்தில் அமைப்போம். ஆண்டுக்கு 365 சொற்கள்! நம் கட்டுமரமே 'கேட்டமரான்' ஆகி ஆங்கில அகராதியில் வீற்றிருக்கிறது. அம்மொழியிடம் நமக்கேன் அச்சம்? தோழியரே, பிழை நேரினும் நினைத்த சொல்லையே எழுதுவோம். திருத்திக்கொண்ட சொல்லே என்றும் நம் சொல்லாகும்.