உடுவில் தம்பதியும் நம் குளத்தடித் தம்பதிகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் அமெரிக்க நாட்டுப்புறத் தம்பதியரின் வாழ்வைத் தேடிப் படிப்பதால் வன்னியிலிருக்கும் நமக்கு ஆவதென்ன என்று அன்பர் ஒருவர் வினவினார். வினா நியாயமானதே.

லெவி ஸ்போல்டிங் 1791ஆம் ஆண்டில், நியூ ஹாம்ப்சயர் மாநிலத்து மொனாட்நொக் மலையடிவாரத்திலுள்ள ஜாஃப்ரி என்னும் சிற்றூரிலே பிறந்தவர். அவர் மனைவி மேரி கிறிஸ்டி அதே மாநிலத்து அன்ட்ரிம் ஊரவர். நிலத்திற் கிடந்த கற்களைப் பொறுக்கி வேலியாக அடுக்கிய பின்னரே ஏர் பிடிக்கக்கூடிய நாடு அது. பனிக்காலத்தில் அந்த ஏருக்கும் வேலையில்லை. இருவரும் 1819இல் பொஸ்ரன் துறைமுகத்திலே கப்பலேறி, 1820இல் யாழ்ப்பாணம் வந்தனர். லெவி 1873இல் உடுவிலில் உயிர் நீத்தார். மேரி மறு ஆண்டில் அவரைத் தொடர்ந்தார்.

இவர்களைப் பற்றி நம்மவர் எழுதுவன பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று அடியார் புராணம். மற்றது மதமாற்ற வந்தோர் மீதான குற்றப்பத்திரிகை. இரண்டிலும் கல்வேலி நாட்டுக் குடியானவரைக் காணோம். மதமாற்றத்தை ஆராயக்கூடாதென்பதன்று என் கருத்து. நாவலர் காலத்து வாதங்களைக் கற்ற எவரும் அப்படிச் சொல்லார். ஆயினும், ஆளைக் காணாமல் கொள்கையை மட்டும் காண்பது சரித்திரமாகாது.

கணவரை மட்டும் காண்பதும் அத்தகையதே. லெவியின் பெயர் 1842இல் வெளிவந்த மானிப்பாய் அகராதியோடு சேர்த்து நினைக்கப்படுகிறது. உடுவில் பெண்கள் பாடசாலையை 1824இல் தொடங்கியவர் ஹரியற் வின்சிலோ. அவர் 1833இல் மறைந்தபின் அப்பொறுப்பு ஸ்போல்டிங் தம்பதியரிடம் வந்தது. ஹரியற்றின் வாழ்வை அவர் கணவர் 1835இல் நூலாக்கினார். மேரியைத் தேடுவோர் கடிதக் கட்டுகளையும் பாடசாலை அறிக்கைகளையும் வரிவரியாகப் புரட்டவேண்டும். நாள்தோறும் பிள்ளைகளோடு பழகியவரின் சுவடு நாள்தோறும் எழுதியவரின் சுவட்டினும் மெல்லியதாயிருப்பது ஒரு விந்தை!

எனினும் சுவடு உண்டு. அச்சபையின் கடிதங்கள் இன்று ஹாவார்ட் பல்கலைக்கழக நூலகத்திலே காக்கப்படுகின்றன. அங்கே தேடும் தமிழ் மாணவன் ஒரு சிக்கலை எதிர்கொள்வான். பணம் உதவிய அமெரிக்கரின் பெயர்கள் நம் பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையும், கரோல் விசுவநாதபிள்ளையும் இவ்வகைப் பெயர் தாங்கியவரே. ஆண்களேனும் பிற்காலத்தில் தமிழ்ப் பெயரையும் சேர்த்து எழுதி நிலைநாட்டிக் கொண்டனர்; அயற்பெயரால் மட்டும் குறிக்கப்பட்ட சிறுமி எவ்வூர் மகள் என்று கண்டுபிடிப்பது எளிதன்று.

இனி வன்னிக்கு வருவோம். மேரி உடுவிலிற் பாடசாலை நடத்திய அதே ஆண்டுகளில், காய்ச்சலுக்கும் காட்டுக்கும் நடுவே குளத்தடிகளில் நெல் விதைத்து வாழ்ந்த தம்பதிகள் இங்கும் இருந்தனர். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய ஆங்கிலக் கைந்நூல், குளங்களையும் ஊர்களையும் வழக்கங்களையும் விரிவாகச் சொல்கிறது. அதன் பயன் பெரிது. ஆனால், அது நிருவாகியின் கண்; ஒரு வீட்டின் கணவனும் மனைவியும் எப்படி வாழ்ந்தனர் என்பதை அதிலே தேடிப் பயனில்லை.

1930களிற் கிளிநொச்சியில் குடியேறியோரின் நிலை இதனினும் மேலாயிருந்திருக்க வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் குடியேற்றவாசிக்குப் 'பேர்மிற்' என்னும் காகிதத்தைத் தந்தது. வீடுகளில் பிறப்புப் பத்திரமும் கலியாணப் படமும் இருந்தன. 2008, 2009ஆம் ஆண்டுகளில், கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்த வழியெல்லாம் மக்கள் பெட்டிகளைக் கைவிட்டே நடந்தனர். உயிரைக் காத்தவரிடம் காகிதம் எங்கே என்று கேட்பது எப்படி? கேட்கத்தான் வேண்டும், ஆனால் காகிதத்தை அல்ல, நினைவை.

நினைவுக்கும் சாட்சியங்கள் உண்டு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலில் இன்ன பணி இன்ன குடும்பத்துக்கு என்னும் முறை உண்டு. அம்முறையைப் பின்னோக்கிப் பிடித்தால் தலைமுறைகள் தெரியவரும். குளங்களின் பெயர்கள் உள்ளன. வயலில் இன்ன துண்டு யார் வெட்டியது என்பதைச் சொல்லக்கூடிய எண்பது வயதினர் இன்னும் சிலர் உள்ளனர். அடுத்த பத்தாண்டில் எத்தனை பேர் இருப்பர்?

ஆதலால், நம் பாடசாலைகளின் உயர்தர வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரின் பழைய தம்பதியொன்றைத் தேர்ந்து, கேட்டு, எழுதி, இரு பிரதிகள் எடுத்து ஒன்றைப் பாடசாலை நூலகத்திலும் மற்றதை வேறோர் ஊரிலும் வைக்கவேண்டும் என்பது என் துணிபு. ஒரே இடத்தில் வைப்பது போதாதென்பதை 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகம் நமக்குச் சொல்லியிருக்கிறது. முதற் கேள்வியைப் பாட்டியைப் பற்றியே கேட்கட்டும்: அவர் பிறந்த ஊர் எது, அங்கே அவரை எப்படி அழைத்தனர் என்று. பாட்டனின் பெயர் தப்பிய பேர்மிற் ஒன்றிலேனும் இருக்கும்.