தூக்கம் வராத கூச்சக்காரர்கள்

நாமக்கல் என்றால் முட்டை, லாரி, அப்புறம் விடுதிப் பள்ளிக்கூடம். பிளஸ் டூ ரேங்க் அறிவிப்பை அரசு 2017ல் நிறுத்திவிட்டது. ஆனால் பல விடுதிகளில் விடியற்காலை மணி மட்டும் நிற்கவில்லை. அங்கே தூக்கம் வராமல் புரளும் பையனுக்குக் கிடைக்கும் ஒரே வைத்தியம்: "கண்ணை மூடிப் படுடா, தானா வரும்."

கூச்சம் ரொம்ப அதிகமாக இருப்பவனுக்கு வராதுங்க. "சார் கேள்வி கேட்டப்ப குரல் நடுங்கிச்சே, பின் பெஞ்சில் சிரிச்சாங்களே" என்று பகலில் நடந்தது எல்லாம் ராத்திரி திரும்ப ஓடும். கிளார்க், வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் 1995லேயே சமூகப் பதற்றத்தை விளக்கும்போது இதைச் சொல்லிவிட்டார்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் பதற்றம் இன்னும் கூடும். ஒன்றையொன்று வளர்க்கிற சங்கதி இது.

மாத்திரை? அல்பிரசோலம் போன்றவை 2014 மார்ச் முதல் ஹெச்-1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் கடையில் தரக்கூடாது. பழகிவிட்டால் விடுவது கஷ்டம் (திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, டாக்டரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்). அந்த ராத்திரி கழியும், ஆனால் மறுநாள் வகுப்பில் எழுந்து நிற்கும் பயம் அப்படியே இருக்கும்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தரவேண்டியது மாத்திரை அல்ல, சிபிடி-ஐ என்ற பேச்சு, பழக்கவழக்க சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016ல் சொன்னது. அதில் ஒரு முக்கிய விதி: இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடு, கண் சொக்கும்போது திரும்பி வா.

முப்பது கட்டில் போட்ட ஹாலில் எழுந்து பாருங்கள்! "ஏண்டா இங்க சுத்தற?" என்று வார்டன் குரல். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இவன் எதற்குப் பயந்து தூங்காமல் கிடக்கிறானோ, அதுவே நடக்கிறது. அதனால் அசையாமல் கிடப்பான்.

என் கருத்து இதுதான். விடுதி வராந்தாவில் ஒரு பெஞ்சு, ஒரு மங்கலான விளக்கு வையுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவனை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. பெரிய செலவில்லை. கூடவே கூச்சத்துக்கும் சிகிச்சை வேண்டும், ஒன்றை விட்டு ஒன்றைப் பார்த்தால் பாதி வேலைதான்.

சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சீட்டு வாங்கும் வரிசையில் நின்று "எனக்கு இன்ன பிரச்சினை" என்று சொல்வதே இவர்களுக்கு மலை. முதல் தடவை அப்பாவோ வாத்தியாரோ கூடப் போங்கள். அதுவும் முடியாதா? 2022ல் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள். முகம் காட்ட வேண்டியதில்லை. கூச்சக்காரர்களுக்கு அதுவே பாதி தைரியம்.